மஞ்சள் ஜாக்கெட் இருட்டில் காப்பாற்றுமா?

விடியற்காலை பால் கேனோடு கிளம்புகிறவர், வீடு வீடாகப் பேப்பர் போடுகிறவர், டியூஷன் முடிந்து இருட்டிய பிறகு திரும்பும் பிளஸ் ஒன் மாணவி. இவர்கள் சைக்கிளில் விளக்கு இருப்பது அபூர்வம். அக்கறையுள்ள வீட்டார் பளிச்சென்ற மஞ்சள் ஜாக்கெட் ஒன்றை வாங்கிக் கொடுத்துவிட்டு நிம்மதியடைகிறார்கள். பகலில் அந்த நிம்மதிக்குக் காரணம் உண்டு. இரவில் கிடையாது.

அந்த மஞ்சள் சாயம் வெயிலில் இருக்கும் புற ஊதாக் கதிரை வாங்கி, கண்ணுக்குத் தெரியும் ஒளியாக மாற்றித் தருகிறது. மேகமூட்டத்திலும் அந்தி நேரத்திலும் துணியே எரிவதுபோலத் தோன்றுவது அதனால்தான். சூரியன் போனதும் அந்த வரத்து நின்றுவிடும். வண்டியின் முகப்பு விளக்கில் அது ஏறக்குறைய ஒரு வெளிர் நிறத் துணிதான். இரவில் வேலை செய்வது ஜாக்கெட்டின் வெள்ளிப் பட்டை. ஸ்டிக்கர் கடையில் ‘ரேடியம்’ என்று கேட்டால் கிடைக்கும் ஒட்டுப்பட்டையும் இதே வகை. பெயரில் மட்டும்தான் ரேடியம், தானாக ஒளிராது. அதிலுள்ள நுண்ணிய கண்ணாடி மணிகள் தம்மேல் பட்ட ஒளியை வந்த திசைக்கே திருப்பி அனுப்புகின்றன.

பட்டை எந்த இடத்தில் இருக்கிறது என்பதும் முக்கியம். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தினர், போக்குவரத்து இல்லாத மூடிய சாலையில் இரவில் சோதித்து 2012இல் முடிவை வெளியிட்டார்கள். கறுப்பு உடையில் இருந்த சைக்கிள்காரரை ஓட்டுநர்கள் அடையாளம் கண்டது 2 சதவீதம். வெறும் பளிச் ஜாக்கெட்டுக்கு 15, வெள்ளிப் பட்டை ஜாக்கெட்டுக்கு 50. அதோடு முழங்காலிலும் கணுக்காலிலும் பட்டை கட்டியபோது 90. மேலும் கீழுமாக மிதிக்கும் இரண்டு ஒளிப்புள்ளிகளைக் கண்டதும் ‘அது ஆள்’ என்று மூளைக்குப் பட்டுவிடுகிறது. அசையாத பட்டை ஒரு பலகையாகவோ நிறுத்திய வண்டியாகவோ தோன்றலாம். மணிக்கு 60 கிலோமீட்டரில் வரும் வண்டி ஒரு நொடியில் 17 மீட்டர் ஓடிவிடும் என்பதால், புரிந்துகொள்ள எடுக்கும் நேரம்தான் இங்கே உயிர்.

கையில் காசு குறைவு என்றால் முதலில் கால் பக்கம் செலவிடுங்கள். இரண்டு அங்குல அகலப் பட்டையை வெட்டி பெடலின் முன்பின் விளிம்புகளில் ஒட்டலாம்; செருப்பின் குதிகாலிலும் ஒரு துண்டு. பின் மட்கார்டில் சிவப்பு, முன்னால் வெள்ளை. ஒட்டுமுன் சோப்புத் தண்ணீரில் எண்ணெய்ப் பிசுக்கு போகக் கழுவி, முழுதாகக் காயவிட வேண்டும். ஈரத்திலோ துருவின் மேலோ ஒட்டினால் முதல் மழையிலேயே ஓரம் கிளம்பிவிடும்.

ஆனால் பட்டைக்கு ஒரு பெரிய குறை உண்டு: வெளிச்சம் அதன்மேல் விழவேண்டும். குறுக்குச் சந்திலிருந்து திரும்பும் லாரியின் விளக்கு உங்கள் மேல் படுவதற்குள் காலம் கடந்திருக்கும். முகப்பு விளக்கு எரியாத டிராக்டருக்கு நீங்கள் தெரியவே மாட்டீர்கள். ஆகவே விளக்கைத் தவிர்க்க முடியாது, அதிலும் பின்னால் சிவப்பு விளக்கு. முன்னால் வெள்ளை. தெருவிளக்குள்ள சாலையில் பிறர் பார்வைக்குத் தெரிய 100 லூமன் (விளக்கு தரும் ஒளியின் அளவு, பெட்டியில் போட்டிருக்கும்) தாராளம். கும்மிருட்டில் பள்ளம் பார்த்து ஓட்ட 300 முதல் 400 வேண்டும். முன்விளக்கின் நடு ஒளி 8, 10 மீட்டர் தள்ளித் தரையில் விழட்டும். நிமிர்த்தி வைத்தால் எதிரில் வருகிறவர் கண் கூசி, உங்களையே பார்க்காமல் போகலாம். பின்விளக்கு தரைக்கு இணையாக நேர் பின்னே நோக்க வேண்டும். மினுக்கும் ஒளி கவனத்தை இழுக்கும், ஆனால் தொலைவைக் கணிக்க விடாது. இருண்ட சாலையில் நிலையாக எரியவிடுங்கள்.

விளக்கு வாங்கியும் பலன் இல்லாமல் போவதற்கு நாங்கள் அதிகம் காண்பது மறைப்புதான். சீட்டுக்கடியில் பொருத்திய விளக்கை, கேரியரில் ஏற்றிய மூட்டையோ தொங்கும் துப்பட்டாவோ மழைக்கோட்டோ மூடிவிடும். சுமை ஏற்றுகிறவர்கள் கேரியரின் கடைசிக் கம்பியில் விளக்கைப் பொருத்துவதே சரி. மாணவர்களுக்கு இன்னொன்று: புத்தகப் பை ஜாக்கெட்டின் முதுகை முழுசாக மறைக்கும், பட்டையைப் பையிலேயே தைத்துவிடுங்கள். அடுத்தது சார்ஜ். பெட்டியில் போட்டிருக்கும் நீண்ட மணிக்கணக்கு பெரும்பாலும் மங்கலாக மினுக்கும் நிலைக்குத்தான். சார்ஜ் போடும் துளையின் ரப்பர் மூடி தொலைந்தால் மழைநீர் புகுந்து உள்ளே துரு ஏறும்.

பகலுக்கு ஜாக்கெட் வேண்டாம் என்று சொல்லவில்லை. டென்மார்க்கில் 2012-13இல் 6,793 பேரை வைத்து நடந்த ஆய்வில், மஞ்சள் ஜாக்கெட் தரப்பட்டவர்கள் பிறரோடு மோதிக் காயப்படுவது, ஆய்வு நடந்த முறையால் முடிவில் வரக்கூடிய சாய்வைக் கழித்த பிறகும், 38 சதவீதம் குறைந்தது. ஆனால் அதைப் பேண வேண்டும். வெயிலில் காயப்போட்டால் சாயம் வெளுக்கும், பிரஷ் போட்டுத் தேய்த்தால் பட்டையின் மணிகள் உதிரும். கையால் அலசி நிழலில் உலர்த்துங்கள். ஓட்டுநர்கள் இடம்விட்டு முந்துவார்கள் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள். ஜாக்கெட் அதைச் செய்யாது, அந்தப் பொறுப்பு ஓட்டுகிறவருடையது.

இன்று இருட்டியதும் சைக்கிளை ஸ்டாண்டு போட்டு, வழக்கமான சுமையை ஏற்றி, ஐம்பதடி பின்னால் போய் நில்லுங்கள். செல்போன் டார்ச்சைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்துப் பாருங்கள். பட்டை மின்ன வேண்டும். டார்ச்சை அணைத்தபின் சிவப்பு விளக்கு மட்டும் தெளிவாகத் தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் மூட்டையை இறக்காதீர்கள், விளக்கை இடம் மாற்றுங்கள்.