கழுவுவதற்கு முன் படம் எங்கே இருக்கிறது?

1897 ஜூலையில் சுவீடனைச் சேர்ந்த மூன்று பேர் ஹைட்ரஜன் பலூனில் வட துருவத்துக்குக் கிளம்பினார்கள். தலைவர் ஆந்த்ரே. படம் எடுக்கும் பொறுப்பு நில்ஸ் ஸ்டிரிண்ட்பெரியுடையது. மூன்று நாள்கூடத் தாங்காமல் பலூன் பனிப்பாளத்தில் இறங்கிவிட்டது. வாரக்கணக்கில் பனியில் நடந்து, கடைசியில் ஆளில்லாத ஒரு தீவில் மூவரும் இறந்துபோனார்கள். அந்த முகாம் 1930-இல்தான் தற்செயலாகக் கண்ணில் பட்டது. அங்கே கிடந்த ஃபிலிமை ஸ்டாக்ஹோமில் ஜான் ஹெர்ட்ஸ்பெரி என்ற நிபுணர் கழுவினார். 240 படங்களில் 93 தேறின. குடைசாய்ந்து கிடக்கும் பலூனும் அதைப் பார்த்தபடி நிற்கும் இருவரும் அவற்றில் ஒன்றில் தெளிவாகத் தெரிகிறார்கள்.

33 வருஷம் பனியிலும் ஈரத்திலும் கிடந்த அந்தச் சுருளில் படம் எந்த வடிவத்தில் இருந்தது? கழுவுவதற்கு முன் அதைச் சாதாரண நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்திருந்தாலும், கேமராவுக்குள்ளேயே போகாத புது ஃபிலிமுக்கும் அதற்கும் ஒரு வித்தியாசமும் தெரிந்திருக்காது.

தாத்தாவின் பழைய கேமராவைத் தூசி தட்டி ரோல் போட்டுப் பார்க்கும் இளைஞர்கள் இப்போது மறுபடியும் கண்ணில் படுகிறார்கள். தண்ணீர் ஏன் 20 டிகிரியில் இருக்க வேண்டும், வெளிச்சம் கூடினால் பரவாயில்லை குறையக் கூடாது என்று ஏன் சொல்கிறார்கள் என்றெல்லாம் கேட்பார்கள். பெரும்பாலும் கிடைக்கும் பதில், ‘அப்படித்தான் செய்யணும்’. உண்மையில் இத்தனை கேள்விகளுக்கும் பதில் அந்தக் கண்ணுக்குத் தெரியாத படத்தில்தான் இருக்கிறது. அதை மறைபிம்பம் என்று சொல்லலாம்.

கருப்பு வெள்ளை ஃபிலிம் என்பது ஒரு பிளாஸ்டிக் பட்டை, அதன்மேல் மெல்லிய ஜெலட்டின் பூச்சு. பூச்சு முழுக்க வெள்ளி புரோமைடு படிகங்கள். பொதுவாக ஒரு மைக்ரான் அளவில், அதாவது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவில் இருக்கும். அவ்வளவு சிறிய படிகத்துக்குள்ளேயே சுமார் 2,000 கோடி வெள்ளி அயனிகள் அடுக்கப்பட்டிருக்கின்றன. ஷட்டர் திறந்து ஒளி உள்ளே வரும்போது, ஒரு ஒளித்துகள் புரோமைடு அயனியிலிருந்து ஒரு எலக்ட்ரானைப் பிடுங்கிவிடுகிறது. அந்த எலக்ட்ரான் படிகத்துக்குள் அலைந்து, அமைப்பில் குறை உள்ள ஓர் இடத்தில் மாட்டிக்கொள்கிறது. அதன் எதிர்மின்னூட்டம் பக்கத்தில் நகரக்கூடிய ஒரு வெள்ளி அயனியை இழுக்க, இரண்டும் சேர்ந்து ஒரு வெள்ளி அணு பிறக்கிறது. இதே இடத்தில் இது திரும்பத் திரும்ப நடக்க வேண்டும். 1938-இல் கர்னி, மாட் என்ற இரண்டு இயற்பியலாளர்கள் கொடுத்த விளக்கம் இது. சில திருத்தங்களோடு இன்றும் நிற்கிறது.

எத்தனை அணுக்கள் சேர வேண்டும்? நல்ல ஃபிலிமில் நான்கு போதும் என்பது பொதுவாக ஏற்கப்பட்ட கணக்கு. 2,000 கோடியில் நான்கு! நாம் ‘படம் எடுத்தேன்’ என்று சொல்லிக்கொள்வது இவ்வளவுதான். ஒரே ஒரு அணு மட்டும் உண்டானால் அது நிலைக்காது. சட்டென்று மறுபடி அயனியாகிவிடும். இரண்டு சேர்ந்தால் தங்கும், ஆனால் கழுவும்போது வேலைக்கு ஆகாது. நான்கைத் தொட்ட படிகம் கறுக்கும், தொடாதது தப்பிக்கும். நடுவில் எதுவும் இல்லை. கழுவிய ஃபிலிமில், அதாவது நெகடிவில், தெரியும் சாம்பல் நிறம்கூட, கறுத்த படிகங்களும் தப்பித்த படிகங்களும் கலந்து நம் கண்ணுக்குக் காட்டும் வேடிக்கைதான்.

அந்த ‘குறை உள்ள இடம்’ எங்கிருந்து வந்தது என்பதில் ஒரு கதை இருக்கிறது. ஜெலட்டின் மாட்டின் எலும்பிலும் தோலிலும் இருந்து எடுக்கப்படுவது. சில ஜெலட்டினில் செய்த ஃபிலிம் வேகமாக ஒளியைப் பிடித்தது, சிலதில் மந்தம். காரணம் யாருக்கும் புரியவில்லை. கோடாக் ஆய்வுக்கூடத்தில் சாமுவேல் ஷெப்பர்டு 1925-இல் கண்டுபிடித்துச் சொன்னார்: கந்தகம். மாடுகள் மேய்ந்த கடுகு இனச் செடிகளில் இருந்த கந்தகச் சேர்மங்கள் ஜெலட்டின்வரை வந்திருந்தன. கடுகைக் கடித்தால் மூக்கில் ஏறுகிறதே, அந்தக் காரத்தின் உறவுதான். அது படிகத்தின் மேல் நுண்ணிய வெள்ளி சல்ஃபைடு புள்ளிகளை உண்டாக்குகிறது. எலக்ட்ரான்கள் வந்து மாட்டிக்கொள்ளும் பொறி அதுவே. அதற்குப் பிறகு கந்தகத்தை அளந்து சேர்க்க ஆரம்பித்தார்கள்.

இனி கழுவும் வேலை. டெவலப்பரின் பணி வெள்ளி அயனிகளுக்கு எலக்ட்ரான் கொடுத்து அவற்றை உலோக வெள்ளியாக்குவது. கவனிக்க வேண்டியது, அது ஒளி பட்ட படிகம், படாத படிகம் என்று பார்ப்பதில்லை. போதிய நேரம் கொடுத்தால் எல்லாப் படிகங்களையும் கறுக்கவைத்துவிடும். வித்தியாசம் வேகத்தில் மட்டுமே. நான்கு அணுக்கள் உள்ள படிகத்தில் அந்தப் புள்ளி எலக்ட்ரான்கள் உள்ளே நுழையும் வாசலாகிவிடுகிறது. வெள்ளி சேரச் சேர வாசல் பெரிதாகிறது, வேலை இன்னும் வேகமாகிறது. ஒரு ஸ்பூன் உறைமோர் ஒரு குண்டான் பாலைத் தயிராக்குவதைப் போல, நான்கு அணுக்கள் மொத்தப் படிகத்தையும் வெள்ளியாக்கிவிடுகின்றன. பெருக்கம் நூறு கோடி மடங்குக்கும் மேல். உறை ஊற்றாத பாலும் வெளியிலேயே வைத்திருந்தால் என்றைக்காவது திரியத்தான் செய்யும். ஒளி படாத படிகமும் அப்படியே. அதற்கு முன் நிறுத்திவிட வேண்டும், அவ்வளவுதான் சூட்சுமம்.

ஆக, ஃபிலிம் கழுவுவது ஒரு ஓட்டப்பந்தயத்தைச் சரியான நொடியில் நிறுத்துவது. கடிகாரமும் தெர்மாமீட்டரும் அதனால்தான். இல்ஃபோர்டு ஹெச்பி5 பிளஸ் ஃபிலிமை ஐடி-11 டெவலப்பரில் 20 டிகிரியில் கழுவ ஏழரை நிமிஷம். சூடு ஏறினால் நேரம் குறையும், டிகிரிக்குக் கிட்டத்தட்ட பத்து சதவீதம் என்று வைத்துக்கொள்ளலாம். மே மாதச் சென்னையில் மொட்டைமாடித் தொட்டித் தண்ணீர் 30 டிகிரிக்கு மேல்தான் வரும். அப்போது கணக்குப்படி இரண்டு மூன்று நிமிஷத்தில் முடித்தாக வேண்டும்; அவ்வளவு குறுகிய நேரத்தில் படம் சீராக வராது, திட்டுத்திட்டாக நிற்கும். டெவலப்பர் பாட்டிலை ஐஸ் தண்ணீர் வாளியில் வைத்து 24 டிகிரிக்காவது கொண்டுவருவதே நடைமுறை. ஐஸ் கட்டியை நேரடியாகப் போடக் கூடாது, கரைசல் நீர்த்துவிடும். டெவலப்பரை மட்டும் குளிரவைத்துவிட்டு அடுத்த கரைசலைச் சூடாக ஊற்றுவதும் தப்பு. ஊறிய ஜெலட்டின் வெடித்த களிமண் தரை மாதிரி சுருங்கிப்போகும்.

டெவலப்பரில் என்ன இருக்கிறது? கோடாக் 1927-இல் வெளியிட்ட டி-76 இன்றும் புழக்கத்தில் உள்ளது, ரகசியமும் இல்லை. ஒரு லிட்டருக்கு மெட்டால் 2 கிராம், ஹைட்ரோகுயினோன் 5 கிராம், சோடியம் சல்ஃபைட் 100 கிராம், போராக்ஸ் 2 கிராம். முதல் இரண்டும் எலக்ட்ரான் கொடுப்பவை. சல்ஃபைட், காற்று பட்டுக் கரைசல் கெடாமல் காக்கிறது. போராக்ஸ் காரத்தன்மை, அதாவது அமிலத்துக்கு எதிரான தன்மை, தருகிறது. காரம் இல்லாவிட்டால் முதல் இரண்டும் அசையாது. நேரம் முடிந்ததும் நீர்த்த அசெட்டிக் அமிலத்தை ஊற்றுவது இதனால்தான்: காரம் போனதும் பந்தயம் அந்த இடத்திலேயே நிற்கும்.

செய்முறையில் பலரும் தடுமாறும் இடம் ரசாயனத்துக்கு முன்பே வந்துவிடும். ஃபிலிமை முழு இருட்டில் ஸ்பூலில் சுற்றி டேங்குக்குள் வைக்க வேண்டும். சினிமாவில் காட்டும் சிவப்பு விளக்கு இங்கே உதவாது. வெள்ளி புரோமைடு இயல்பாக நீலத்தையும் ஊதாவையும்தான் பார்க்கும். சாயம் சேர்த்தால் மற்ற நிறங்களையும் பார்க்கவைக்கலாம் என்று ஹெர்மன் ஃபோகெல் 1873-இல் காட்டினார். இன்றைய சாதாரண ஃபிலிம் சிவப்புவரை எல்லாம் பார்க்கும். சிவப்பு விளக்கு பிரிண்ட் பேப்பருக்கானது. அறையை இருட்டாக்க முடியாதவர்கள் கையை நுழைத்து வேலை செய்யும் கறுப்புப் பையை வாங்கிக்கொள்வார்கள். அதற்குள் ஐந்து நிமிஷம் கை இருந்தால் நம் ஊர் வெயிலுக்கு வியர்த்துவிடும். ஈரம் பட்டால் பிளாஸ்டிக் ஸ்பூலின் பள்ளத்தில் ஃபிலிம் ஏறாது, பாதியில் ஒட்டிக்கொண்டு நிற்கும். வலுவாகத் தள்ளினால் பிறைபோல ஒரு மடிப்பு விழும், அது நெகடிவில் நகக்கீறலாகவே தெரியும். விடிகாலையில் செய்வது நல்லது. ஸ்பூலை முந்தைய நாளே காயவைத்திருந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

டேங்கை மூடிவிட்டால் விளக்கு போட்டுக்கொள்ளலாம். டெவலப்பரை ஊற்றியதும் டேங்கை மேடையில் இரண்டு தட்டு தட்ட வேண்டும்; இல்லாவிட்டால் காற்றுக்குமிழி ஒட்டிய இடத்தில் வட்டப்புள்ளி விழும். பிறகு நிமிஷத்துக்கு ஒருமுறை பத்து விநாடி கவிழ்த்து நிமிர்த்த வேண்டும். படிகம் வெள்ளியாக மாறும்போது வெளிவரும் புரோமைடு, அந்த இடத்தில் டெவலப்பரின் வேகத்தைக் குறைக்கும். கலக்காமல் விட்டால் அதன் தடம் படத்தில் பட்டை பட்டையாகத் தெரியும்.

பழைய கேமராக்களின் குறைகளையும் இந்த நான்கு அணுக் கணக்கிலேயே பார்க்கலாம். வருஷக்கணக்கில் அலமாரியில் கிடந்த ஷட்டரில் எண்ணெய் பிசுக்காகி, 1/30 விநாடி என்று எழுதியிருப்பது 1/15 ஆகத் திறந்து மூடும். அதாவது இரண்டு மடங்கு ஒளி. நெகடிவ் கொஞ்சம் அடர்த்தியாக வரும், பிரிண்டில் சமாளித்துவிடலாம். தவறு எதிர்ப்பக்கம் போனால்தான் ஆபத்து. நிழலில் உள்ள படிகங்கள் நான்கு அணுக்களை எட்டாமலே நின்றிருந்தால், எவ்வளவு நேரம் கழுவினாலும் அங்கே இல்லாத படம் வராது. வெளிச்சமான பகுதி இன்னும் கறுக்கும், அவ்வளவே. எழுபதுகளின் பல கேமராக்களில் ஒளிமானி 1.35 வோல்ட் பாதரச பேட்டரியை நம்பி வடிவமைக்கப்பட்டது. அந்த பேட்டரி இப்போது விற்பனையில் இல்லை. 1.5 வோல்ட் பேட்டரியைப் போட்டால் மானி வெளிச்சம் அதிகம் இருப்பதாக நினைத்துக்கொண்டு, ஒளியைக் குறைக்கச் சொல்லும். சரியாக, தப்பான பக்கத்தில் தவறும். அதைவிட மானியை மறந்துவிட்டு, பளிச்சென்ற வெயிலில் அப்பர்ச்சர் (லென்ஸின் துளை அளவு) 16, ஷட்டர் வேகம் ஃபிலிமின் ஐஎஸ்ஓ எண்ணுக்கு (ஒளியைப் பிடிக்கும் வேகத்தைக் குறிக்கும் எண்) பக்கத்தில், அதாவது 100 ஃபிலிமுக்கு 1/125 என்ற பழைய விதியை நம்புவது மேல். மரத்தடியில் நிற்கும் ஆளின் முகம் வேண்டுமானால் அப்பர்ச்சரை மூன்று ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் இரண்டு மடங்கு ஒளி) தாராளமாகத் திறந்துவிடுங்கள்.

இரவில் கேமராவை ஸ்டாண்டில் வைத்து பத்து விநாடி திறந்தால் படம் கணக்கைவிட மங்கலாக வருவதும் இதே காரணம்தான். ஒளித்துகள்கள் அவ்வளவு மெதுவாக வரும்போது, இரண்டாவது அணு உருவாவதற்குள் முதல் அணு கலைந்துபோகிறது. அதனால் ஃபிலிம் தயாரிப்பாளர்கள் நீண்ட எக்ஸ்போஷருக்கு எவ்வளவு நேரம் கூட்ட வேண்டும் என்று தனி அட்டவணையே கொடுக்கிறார்கள்.

கடைசிக் கட்டம் ஹைப்போ, அதாவது சோடியம் தயோசல்ஃபேட் கரைசல். 1802-இல் வெட்ஜ்வுட், டேவி இருவரும் வெள்ளி உப்பில் உருவங்களைப் பதித்துவிட்டார்கள், ஆனால் ஒளி பட்டால் எல்லாம் கறுத்தது. மெழுகுவர்த்தி வெளிச்சத்தில்தான் பார்க்க முடிந்தது, பாவம். சோடியம் தயோசல்ஃபேட் வெள்ளி உப்பைக் கரைக்கும் என்று ஜான் ஹெர்ஷல் 1819-லேயே எழுதி வைத்திருந்தார். 1839-இல் புகைப்படம் பிறந்தபோது அது நினைவுக்கு வந்தது. கறுக்காமல் தப்பித்த படிகங்களை எல்லாம் அது கரைத்து வெளியே கொண்டுபோகிறது. அதுவரை பால்போல மங்கியிருக்கும் ஃபிலிம் கண்ணெதிரே தெளியும். தெளிய எத்தனை நிமிஷம் ஆனதோ, அதே அளவு இன்னொரு மடங்கு விட்டுவைப்பது வழக்கம். பிறகு ஓடும் தண்ணீரில் நன்றாக அலச வேண்டும். ஹைப்போ மிச்சம் இருந்தால் சில வருஷத்தில் மஞ்சளாகிவிடும். பழைய ஆல்பங்களில் பழுத்துப்போன படங்கள் பலவற்றுக்குக் காரணம் ஸ்டுடியோக்காரர் அலசுவதில் காட்டிய அவசரம்.

பயன்படுத்திய ஹைப்போவைச் சாக்கடையில் கொட்டாதீர்கள். ரோலில் இருந்த வெள்ளியில் பெரும்பங்கு இப்போது அதற்குள்தான் கரைந்திருக்கிறது, தண்ணீரில் வாழும் உயிர்களுக்கு அது நஞ்சு. ஊட்டியின் ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் ‘இந்து’ என்ற பெயரில் ஃபிலிம் தயாரித்த காலத்தில், ஸ்டுடியோக்களிலும் எக்ஸ்ரே நிலையங்களிலும் பழைய ஹைப்போவைக் கேனில் விலைக்கு வாங்கிப் போக ஆள் வருவார்கள். வீட்டில் கழுவுகிறவருக்கு விற்கும் அளவுக்கு வெள்ளி தேறாது. ஒரு பிளாஸ்டிக் ஜாடியில் ஹைப்போவை ஊற்றி, ஒரு பிடி இரும்புக் கம்பித்துருவலைப் போட்டு ஒன்றிரண்டு நாள் விட்டால், இரும்பு கரைந்து வெள்ளி சேறாக அடியில் படியும்.