குழாய் பதித்த தூரமும் குடம் நிறையும் நேரமும்

வடசென்னையில் உள்ள தண்டையார்பேட்டையின் குறுகலான தெருவொன்றில் குடிநீர்க் குழாய்க்குப் பள்ளம் தோண்டினால், கடல் பக்கத்தில் இருப்பதால் சில அடி ஆழத்திலேயே நீர் ஊறிவிடும். மோட்டார் வைத்து அதை இறைத்துக்கொண்டேதான் குழாயை இறக்கி இணைக்க வேண்டும். இத்தகைய பணியில் எவ்வளவு முடிந்திருக்கிறது என்பதைச் செலவான பணத்தைக் கொண்டு மட்டும் சொல்லிவிட முடியாது.

இதற்குப் பொறியாளர்கள் 'ஈட்டிய மதிப்பு' என்னும் கணக்கைப் பயன்படுத்துகிறார்கள். 10 கோடி ரூபாயில், மாதம் 1 கிலோமீட்டர் வீதம் 10 மாதத்தில் 10 கிலோமீட்டர் குழாய் பதிப்பது திட்டம் என்று வைத்துக்கொள்வோம். 6 மாத முடிவில் 4.5 கிலோமீட்டர் பதித்து, 5 கோடி செலவாகியிருந்தால், 'பாதி வேலை ஆகிவிட்டது' என்றே தோன்றும். ஆனால் நடந்த வேலையின் மதிப்பு 4.5 கோடிதான். அதை அந்நேரம் முடிந்திருக்க வேண்டிய 6 கோடியால் வகுத்தால் 0.75, செலவான 5 கோடியால் வகுத்தால் 0.9. ஒன்றுக்குக் குறைவான முதல் எண் தாமதத்தையும், இரண்டாவது எண் கூடுதல் செலவையும் காட்டுகின்றன. இதே போக்கு நீடித்தால் மொத்தச் செலவு சுமார் 11.1 கோடியை எட்டும்.

இந்தக் கணக்கு நம்பத்தக்கதா என்பது, எதை 'முடிந்த வேலை' என்று அளவுப் புத்தகத்தில் எழுதுகிறோம் என்பதைப் பொறுத்தது. களத்தில் 'எம்.புக்' என்று சொல்லப்படும் அந்தப் புத்தகத்தில் மீட்டர் கணக்கு ஏறுவதை விட அழுத்தச் சோதனையில் தேறுவதே முக்கியம் என்பது என் உறுதியான கருத்து. குழாயின் இரு முனைகளையும் அடைத்து, நீர் நிரப்பி, உள்ளே தங்கிய காற்றை வால்வு வழியே முழுவதும் வெளியேற்றிய பின், வழக்கமான இயக்க அழுத்தத்தைப் போல ஒன்றரை மடங்கு வரை பம்பால் ஏற்றுகிறார்கள். பிறகு அழுத்தமானியின் முள்ளைப் பார்த்துக்கொண்டே காத்திருக்கிறார்கள். முள் இறங்கினால், அதைப் பழைய இடத்துக்குக் கொண்டுவர எவ்வளவு நீர் சேர்க்க வேண்டியிருக்கிறது என்பதே கசிவின் அளவு. காற்றை விட்டுவைத்தால் அது சுருங்கி விரிந்து கணக்கைக் கெடுத்துவிடும். கழிவுநீர்க் குழாய் அருகிலேயே ஓடும் தெருக்களில், விநியோகம் நின்று குழாயில் அழுத்தம் வடியும் நேரங்களில், இணைப்பில் உள்ள சிறு கசிவே அழுக்கு உள்ளே நுழையும் வழியாகிவிடுகிறது.

சென்னைக்கு வடக்கே 2010இல் திறக்கப்பட்ட, கடல்நீரைக் குடிநீராக்கும் காட்டுப்பள்ளிச் சுத்திகரிப்பு நிலையத்தின் திறன் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர். அது ஆலையின் அளவு. தெருக்கோடியில் உள்ள கடைசி வீட்டில் குடம் நிறைய ஆகும் நேரமும், அந்த நீரில் மீந்திருக்கும் குளோரின் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமுக்குக் குறையாமல் இருக்கிறதா என்பதும் திட்டத்தின் அளவுகள். அவற்றைத் திறப்பு விழா அன்று மட்டுமல்லாமல், கோடையிலும் மழைக்காலத்திலும் அதே வீட்டுக் குழாயில் எடுக்க வேண்டும்.