ஆண்கள் கூடிப் பேசினால் என்ன குறைந்துவிடும்?

இந்த மாதமும் ஒருவரை மருத்துவமனையிலிருந்து நேராக என்னிடம் அனுப்பினார்கள். ஐம்பதைத் தாண்டியவர். வேலை போன பிறகும் காலையில் சாப்பாட்டு டப்பாவோடு கிளம்பி, மாலைவரை காரிலேயே உட்கார்ந்திருந்திருக்கிறார். மனைவிக்குத் தெரியாது. சனிக்கிழமை பிராய் (இறைச்சி சுடும்) அடுப்பைச் சுற்றி நிற்கும் நண்பர்களுக்கும் தெரியாது. டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் மனநல ஆலோசகராக இருக்கும் எனக்கு இது புதிதில்லை, அதுதான் ஆத்திரம். தென்னாப்பிரிக்காவில் 2019-இல் தற்கொலையால் இறந்தவர்களில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பேர் ஆண்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு.

சரி, ஆண்கள் நாலு பேர் கூடி மனம்விட்டுப் பேசட்டும், 'ஆம்பளைன்னா இப்படித்தான்' என்பதைக் கொஞ்சம் கேள்வி கேட்கட்டும் என்றால், "பாரம்பரியத்தைக் கெடுக்கிறீர்கள்" என்கிறார்கள். எந்தப் பாரம்பரியம்? 1860 முதல் 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாக, டர்பன் இருக்கும் நேட்டால் பகுதிக்கு வந்த நம் பாட்டிமார் கரும்புத் தோட்டத்தில் வெயிலில் வேலை செய்தவர்கள். பிற்பாடு டர்பன் தையல் ஆலைகளுக்குப் போய் வீட்டைக் காப்பாற்றியவர்களும் நம் பெண்கள்தான். ஆண் ஒருவனே சம்பாதிக்க வேண்டும், இல்லாவிட்டால் அவன் ஆணே இல்லை என்பது நம்மில் எத்தனை குடும்பங்களில் உண்மையாக இருந்தது? தைப்பூசத்தில் காவடி எடுக்கும் அப்பா கண்ணீர் விட்டால் பக்தி என்று கும்பிடுகிறோம். வேலை போனதற்கு அழுதால் மட்டும் கேவலமா?

இது வெளியிலிருந்து வந்த மோகமும் அல்ல. சொங்கே ஜெண்டர் ஜஸ்டிஸ் என்ற பாலின நீதி அமைப்பு 2006 முதல் இந்த நாட்டிலேயே ஆண்களோடு இந்த வேலையைச் செய்துவருகிறது.

இப்படி ஒரு கூட்டம் ஆரம்பிப்பவர்கள் கவனியுங்கள். குடியில்லாமல் கூடுங்கள். ஒருவர் பேசும்போது புத்தி சொல்லாதீர்கள், கேளுங்கள். அங்கே சொன்னது வெளியே போகக்கூடாது. உயிருக்கு ஆபத்தென்றால் மட்டும் விதிவிலக்கு. மாத்திரை சாப்பிடுபவர் கூட்டத்தை நம்பி அதை நிறுத்தக்கூடாது.

மனைவியை அடிப்பவர் விஷயம் வேறு. கூட்டத்துக்கு வருகிறார் என்பதற்காக அவரை மன்னித்து வீட்டுக்கு அனுப்பிவிடாதீர்கள். முதலில் அந்தப் பெண்ணின் பாதுகாப்பு. 1998-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டப்படி மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் பாதுகாப்பு உத்தரவு கேட்கலாம். (இப்படிப்பட்ட தம்பதியை ஒன்றாக உட்காரவைத்துப் பேசுவதை நான் தவிர்ப்பேன். கணவன் முன்னால் அவளால் வாயைத் திறக்க முடியாது.)

அப்புறம் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். அப்பா ஒடுங்கிப் போயிருந்தால், "சாக வேண்டும் என்று தோன்றுகிறதாப்பா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. 'ஆமாம்' என்றால் தனியே விடாதீர்கள், அன்றைக்கே கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு வாருங்கள்.