‘அது வெறும் பாம்புத் தோட்டாதான், டாக்டர்’

ஒரு கோடைக்காலச் சனிக்கிழமை மாலை. பத்து வயதுப் பையனை அவன் அப்பா தூக்கிக்கொண்டு எங்கள் அவசர சிகிச்சைப் பிரிவுக்குள் ஓடி வந்தார். வலது கெண்டைக்காலில் ஏழெட்டுச் சிறு துளைகள். ரத்தம் அதிகமில்லை. பையன் அழுகையை அடக்கிக்கொண்டிருந்தான். அப்பாவுக்குத்தான் கை நடுங்கியது. பெயரைப் பார்த்ததும் தமிழில் பேசினேன். முதலில் அவர் சொன்னது இதுதான்: “அது வெறும் பாம்புத் தோட்டாதான், டாக்டர். நிஜக் குண்டு இல்ல.”

கராஜ் கதவோரம் காப்பர்ஹெட் பாம்பு ஒன்று சுருண்டு கிடந்திருக்கிறது. ரிவால்வரை எடுத்து ஆறடி தூரத்திலிருந்து சுட்டிருக்கிறார். பாம்பு தப்பிவிட்டது. பாம்புத் தோட்டாவுக்குள் நிரப்பியிருக்கும் சின்னஞ்சிறு ஈய ரவைகள் சிமெண்ட் தரையில் பட்டுத் தெறித்தன, பக்கவாட்டில் வாசலில் நின்ற பையன் காலில் ஏறின. எக்ஸ்ரேயில் கடுகு மாதிரி வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தன.

(குடும்பம் யாரென்று தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். எழுதலாம் என்று அவர்களே சொன்னார்கள்.)

நான் டெக்சஸில் அவசர மருத்துவராக இருக்கிறேன். துப்பாக்கி வைத்திருப்பவர்களைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. இங்கே அது சட்டப்படியான உரிமை, என் சக மருத்துவர்கள் பலர் வைத்திருக்கிறார்கள். ஆனால் ‘வெறும்’ என்ற அந்த ஒரு சொல் என்னை விடவில்லை. இந்த வகை ரிவால்வரை வாங்கும் நம்மவர்கள் பலரிடம் அதே சொல்லைக் கேட்டிருக்கிறேன்.

ரவைகளைச் சிதறவிடும் ஷாட்கன் தோட்டாவையும் ஒற்றைக் குண்டு உள்ள கைத்துப்பாக்கித் தோட்டாவையும் ஒரே சிலிண்டரில், அதாவது தோட்டாக்கள் உட்காரும் சுழல் உருளையில், போட்டுச் சுடும் ரிவால்வர் இது. பிரேசில் நாட்டு டாரஸ் நிறுவனத்தின் ‘ஜட்ஜ்’ 2006-ல் பிரபலமானது. மயாமி பக்கத்து நீதிபதிகள் சிலர் பாதுகாப்புக்காக வாங்கியதால் இந்தப் பெயர் என்று நிறுவனம் சொல்கிறது. 2011-ல் ஸ்மித் அண்ட் வெசன் ‘கவர்னர்’ என்ற ஒன்றைக் கொண்டுவந்தது. ஜட்ஜில் பெரும்பாலும் ஐந்து தோட்டா, கவர்னரில் ஆறு. வழக்கமான ஷாட்கன் வகைகளில் மிகச் சிறியதான .410 தோட்டாவின் பருமனும், 1870-களிலிருந்து புழங்கும் .45 கோல்ட் தோட்டாவின் பருமனும் ஏறக்குறைய ஒன்று. நீளம்தான் வேறு. அதனால் சிலிண்டரை நீளமாகச் செய்தால் இரண்டும் உள்ளே போய் உட்கார்ந்துவிடும். கருவியின் ரகசியம் அவ்வளவுதான்.

கடைக்காரர் சொல்வது கேட்கக் கவர்ச்சியாக இருக்கும். தோட்டத்துப் பாம்புக்கு ரவை, திருடனுக்குக் குண்டு, ஒரே துப்பாக்கி. ரவை பரவிப் போவதால் குறி பார்க்கவே வேண்டாம் என்பார்கள். முதல்முறை வாங்குபவருக்கு இது பாதித் துப்பாக்கி மாதிரி, கொஞ்சம் சாது மாதிரி தோன்றிவிடுகிறது.

உண்மையில் நடப்பதைச் சொல்கிறேன். பாம்புக்கென்று போடும் ஒன்பதாம் நம்பர் ரவை ஒவ்வொன்றும் 2 மில்லிமீட்டர் பருமன்தான். அரை அவுன்ஸ் தோட்டாவில் கிட்டத்தட்ட 290 ரவைகள் இருக்கும். இந்த ரிவால்வரின் குழலுக்குள் திருகாணி மரை போலச் சுற்றிச் செல்லும் பள்ளம் வெட்டியிருக்கும், ஒற்றைக் குண்டைச் சுழலவிட்டு நேராக அனுப்புவதற்காக. அதே பள்ளம் ரவைக் கூட்டத்தையும் சுழற்றிவிடும். ராட்டினத்தில் தண்ணீரைச் சுழற்றினால் வெளியே சிதறுவது போல ரவைகள் வளையமாக விரிந்து, நடுவில் வெற்றிடம் விழும். ஓர் அறையைத் தாண்டும் தூரத்துக்குள்ளேயே இது நடந்துவிடும். குறி வைத்த இடத்தில் சில ரவைகள் படும், மீதியெல்லாம் எங்கேயோ போகும். அந்த ‘எங்கேயோ’வில் ஒரு குழந்தை நிற்கக்கூடும். கண்ணில் பட்டால் 2 மில்லிமீட்டர் ரவை ஒன்றே போதும்.

ஒட்டி வைத்துச் சுட்டால் நிலைமை நேர் எதிர். ரவைகள் பிரிவதற்குள் ஒரே கட்டியாக உடம்புக்குள் போகும். கூடவே தோட்டாவுக்குள் இருக்கும் பிளாஸ்டிக் அடைப்பும் உள்ளே போய்விடும். அது எக்ஸ்ரேயில் தெரியாது, விட்டுவிட்டால் சீழ் பிடிக்கும். அதனால்தான் என்ன தோட்டா என்று நாங்கள் திரும்பத் திரும்பக் கேட்கிறோம். போலீசுக்குச் சொல்வதற்காகக் கேட்கிறோம் என்று நினைத்து மழுப்பாதீர்கள். சுட்ட தோட்டாவின் காலி ஓடு கிடைத்தால் அதைப் படம் எடுத்துக்கொண்டு வாருங்கள், எங்களுக்கு அது பெரிய உதவி.

அதே .410-ல் பெரிய ரவை போட்டவையும் உண்டு. நாலைந்து ஈயக் குண்டுகள், ஒவ்வொன்றும் பட்டாணியை விடப் பெரிது. அமெரிக்க வீட்டின் உள்சுவர்கள் ஜிப்சம் பலகைதான். அந்தப் பெரிய ரவையும் சரி, .45 குண்டும் சரி, பலகையைத் துளைத்துக்கொண்டு பக்கத்து அறைக்குப் போகும். பக்கத்து அறையில் யார் தூங்குகிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

அப்புறம், கலந்து போடும் பழக்கம். முதல் இரண்டு ரவை, அடுத்த மூன்று குண்டு என்று வரிசையாக நிரப்பி வைக்கிறார்கள். பாம்பைச் சுட்டுவிட்டு அப்படியே உள்ளே வைப்பார்கள். அடுத்த முறை யாராவது எடுக்கும்போது முதலில் வரப்போவது எது என்பது வைத்தவருக்கே நினைவிருக்காது. எங்களிடம் வந்த அந்த அப்பாவின் துப்பாக்கியிலும் சிலிண்டரின் அடுத்த துளையில் இருந்தது .45 தோட்டா. விசையை இன்னொரு முறை அழுத்தியிருந்தால் பையனின் எக்ஸ்ரே எப்படி இருந்திருக்கும் என்று நான் அவரிடம் சொல்லவில்லை. அவருக்கே தெரிந்திருந்தது.

வைத்திருப்பவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய இன்னொன்று: .454 கசூல் என்ற தோட்டா .45 கோல்ட்டின் அதே பருமன், கொஞ்சம் நீளம், அழுத்தமோ பல மடங்கு. சாதாரண .45 ரிவால்வரில் நீளம் காரணமாக அது உள்ளே போகாது, அதுவே ஒரு காவல். ஜட்ஜ் மாதிரி நீளச் சிலிண்டரில் அந்தக் காவல் இல்லை, அது வழுக்கிக்கொண்டு உட்கார்ந்துவிடும். அந்த அழுத்தத்துக்குச் செய்யப்படாத துப்பாக்கியில் சுட்டால் சிலிண்டர் வெடித்துக் கையோடு போகலாம். உள்ளே போகிறது என்பதற்காக எந்தத் தோட்டாவையும் சுடாதீர்கள். குழலின் மேல் என்ன பொறித்திருக்கிறதோ அது மட்டும். இரண்டரை அங்குலச் சிலிண்டருக்கு மூன்று அங்குல .410 தோட்டாவும் கூடாது.

கை வைக்கும் இடமும் முக்கியம். ரிவால்வரில் சிலிண்டருக்கும் குழலுக்கும் நடுவே சின்ன இடைவெளி உண்டு. சுடும்போது அதன் வழியே பக்கவாட்டில் சூடான வாயுவும் ஈயத் துணுக்கும் பீறிடும். சிலிண்டர் நீளமென்பதால் இதில் அந்த இடைவெளி வழக்கத்தை விட முன்னால் இருக்கிறது. ஷாட்கன் மாதிரி முன்பக்கம் இன்னொரு கையால் தாங்கிப் பிடித்தவரின் விரலில் தீக்காயத்தோடு கறுப்புப் புள்ளிகள் பதிந்திருந்ததைப் பார்த்திருக்கிறேன்.

சரி, சட்டத்துக்கு வருகிறேன். நம்மவர்கள் அதிகம் தடுக்கி விழுவது இதில்தான். 1934-ன் தேசியத் துப்பாக்கிச் சட்டப்படி 18 அங்குலத்துக்குக் குறைந்த குழல் உள்ள ஷாட்கனுக்குத் தனிப் பதிவு வேண்டும். குழலுக்குள் மரை வெட்டியிருப்பதால் இந்த ரிவால்வர் கூட்டாட்சிச் சட்டத்தில் வெறும் கைத்துப்பாக்கி. ஆனால் கலிஃபோர்னியா மாநிலம் இதைக் குட்டைக்குழல் ஷாட்கனாகவே பார்க்கிறது, அங்கே வைத்திருக்க முடியாது. டெக்சஸில் வாங்கியவர் வேலை மாறி சான் ஹோசேவுக்குக் குடிபோகும்போது வீட்டுச் சாமானோடு இதையும் லாரியில் ஏற்றினால் அது குற்றம்.

எச்-1பி, எச்-4, எஃப்-1 விசாவில் இருப்பவர்கள் பொதுவாகத் துப்பாக்கியோ ஒற்றைத் தோட்டாவோ வைத்திருக்கவே கூடாது. சில விதிவிலக்குகள் உண்டு. முக்கியமானது, ஏதாவது ஒரு அமெரிக்க மாநிலம் தந்த, காலாவதியாகாத வேட்டை உரிமம். நண்பரோடு ரேஞ்சுக்கு (சுடும் பயிற்சி இடத்துக்கு) போய் வாடகைத் துப்பாக்கியில் சுடுவதும் இந்தத் தடையில் அடங்கும். 2022-க்குப் பிறகு தடையை மீறினால் 15 ஆண்டு வரை சிறை. கிரீன் கார்டு இருந்தால் இந்தத் தடை இல்லை. ஒரே வீட்டில் கணவருக்குக் கிரீன் கார்டு, மனைவிக்கு இன்னும் விசா என்றால் துப்பாக்கியும் சாவியும் யார் கைக்கு எட்டுகிறது என்பதே கேள்வியாகும். வாங்குவதற்கு முன் வழக்கறிஞரிடம் பேசிவிடுங்கள்.

ஊருக்குப் போகும் முன் ரேஞ்சுக்கு எடுத்துப் போன பையைத் தலைகீழாகக் கவிழ்த்து உதறுங்கள். மூலையில் மறந்துபோன ஒரு தோட்டா சென்னை விமான நிலையத்தில் அகப்பட்டால் 1959-ன் ஆயுதச் சட்டம் பாயும், விடுமுறை முழுக்க நீதிமன்றத்தில் போகும்.

பாம்பு விஷயத்தில் மருத்துவராக ஒன்று சொல்ல வேண்டும். காப்பர்ஹெட்டோ ரேட்டில்ஸ்நேக்கோ, தன்னைச் சீண்டாதவரைத் துரத்தி வந்து கடிப்பதில்லை. அமெரிக்கா முழுவதும் ஆண்டுக்கு 7,000 முதல் 8,000 பேரை விஷப்பாம்பு கடிக்கிறது, இறப்பவர்கள் ஐந்து பேர் அளவுதான். கொல்லவோ பிடிக்கவோ போய்க் கடிபட்டவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். பின்னால் நகருங்கள், குழந்தைகளை உள்ளே அனுப்புங்கள், பாம்பு பிடிப்பவரைக் கூப்பிடுங்கள். கடித்தால் 911. விஷம் பற்றிய ஆலோசனைக்கு 1-800-222-1222.

இத்தனையும் சொன்னாலும் எனக்குத் தூக்கம் கெடுவது வேறு காரணத்தால். 2022-ல் இந்த நாட்டில் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,204 பேர். அதில் 27,032 பேர் தங்களைத் தாங்களே சுட்டுக்கொண்டவர்கள். திருடனுக்காக வாங்கியது, பரீட்சையில் தோற்ற பதினாறு வயதுப் பிள்ளையின் கைக்குப் போகிறது. மாத்திரை விழுங்கியவர்களில் பெரும்பாலோரை நாங்கள் காப்பாற்றிவிடுகிறோம். துப்பாக்கியில் அந்த வாய்ப்பு மிக மிகக் குறைவு. அந்த நெருக்கடி சில நிமிடங்களே நீடிக்கலாம், அந்த நிமிடங்களில் பெட்டி பூட்டியிருக்க வேண்டும். வீட்டில் யாராவது மனம் உடைந்திருந்தால் துப்பாக்கியைக் கொஞ்ச காலம் வீட்டை விட்டே வெளியேற்றுங்கள். தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணான 988-க்கு எந்நேரமும் பேசலாம்.

குழந்தைகள் மருத்துவர்களின் அறிவுரை ஒன்றுதான்: துப்பாக்கியில் தோட்டா இருக்கக் கூடாது, துப்பாக்கி பூட்டியிருக்க வேண்டும், தோட்டா வேறொரு பூட்டில். பீரோ மேல்தட்டு பூட்டு ஆகாது. புடவைக்கு அடியிலும் ஆகாது. சின்னக் குழந்தைக்கு விசையை இழுக்க வலு இருக்காது என்று நம்பாதீர்கள், இரண்டு கட்டை விரலையும் சேர்த்து வைத்து அழுத்தினால் போதும். டெக்சஸில் 17 வயதுக்குக் கீழ்ப்பட்டவர் கைக்கு எட்டும்படி, சுடத் தயாரான துப்பாக்கியைக் கவனமின்றி விட்டு, அது அவர் கைக்குப் போய்விட்டால் அதுவே குற்றம்.

நம் கூட்டங்களை நினைத்துப் பாருங்கள். பொங்கல் சாப்பாடு, பிறந்தநாள், கொலு. பெரியவர்கள் கீழே, பிள்ளைகள் பதினைந்து பேர் மாடியில். கண்ணாமூச்சி ஆடும் பிள்ளை ஒளிவதற்குத் தேடும் முதல் இடம் பெரியவர்கள் படுக்கையறை அலமாரி. கடலை அலர்ஜி இருக்கிறதா, நாய் இருக்கிறதா என்று கேட்டுவிட்டுத்தானே பிள்ளையை விடுகிறோம்? “உங்க வீட்டுல துப்பாக்கி இருக்கா? பூட்டித்தானே வெச்சிருக்கீங்க?” என்பதையும் அதோடு சேர்த்துக் கேட்கலாம்.

அந்தப் பையனின் காலில் மூட்டுக்கு அருகே இருந்த ரவை ஒன்றை மட்டும் எடுத்தார்கள். மூட்டு நீரில் ஈயம் கரையும் என்பதால் அங்கே விட்டுவைப்பதில்லை. மற்றவை தசைக்குள் கிடக்கின்றன, தோண்டினால்தான் சேதம் அதிகம். இனி எப்போது எம்.ஆர்.ஐ. எடுத்தாலும் அவன் அதைச் சொல்ல வேண்டும்.

ஒரு மாதம் கழித்து அவன் அம்மா அழைத்தார். பிள்ளையை அனுப்பும் ஒவ்வொரு வீட்டிலும் அந்தக் கேள்வியைக் கேட்கிறாராம். ஒருவர் முகம் சுளித்தாராம். “ஆனா மறுநாளே அந்த அக்கா ஃபோன் பண்ணாங்க, டாக்டர். எந்தப் பெட்டி வாங்குறதுன்னு கேக்கறாங்க. என்ன சொல்லட்டும்?” தரையிலோ சுவரிலோ போல்ட் போட்டு இறுக்கக்கூடியதாக, பிள்ளைகள் ஊகிக்க முடியாத எண் பூட்டோடு ஒன்று, தோட்டாவுக்கு வேறு சாவியோடு இன்னொன்று என்றேன். “பிறந்தநாள் தேதியை மட்டும் எண்ணா வெக்க வேண்டாம்னு சொல்லுங்க” என்றும் சொன்னேன். எழுதிக்கொண்டார்.