சாம்பல் ஹல்க் ஏன் பச்சையானார்?

சேலத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். ஆறாம் வகுப்பு படிக்கும் அவருடைய மகள் கேட்டாளாம்: "பேட்மேன் ராத்திரியிலதானே திருடனைப் பிடிக்கப் போறார்? அப்புறம் எதுக்கு நீலக் கலர்ல மேலங்கி?" கூடவே அவருடைய சொந்தக் கேள்வி ஒன்று: சூப்பர் ஹீரோ உடுப்பில் நல்ல டிசைன், மோசமான டிசைன் என்று அறிவியல்படி ஏதாவது உண்டா?

உண்டு. ஆனால் வழக்கமாகச் சொல்லப்படும் பதில் அதுவல்ல. சிவப்பு என்றால் வீரம், நீலம் என்றால் நம்பிக்கை என்று இணையத்தில் நிறையப் பேர் எழுதியிருப்பார்கள். செவ்வாய்க்கிழமைக்குச் சிவப்பு, சனிக்கிழமைக்குக் கருநீலம் என்று ராசிபலன் பக்கத்தில் வருவதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை. ஒரு நிறத்தின் மேல் ஒரு குணத்தை ஒட்டிவிட்டால் கேள்வி அத்தோடு செத்துப்போகிறது. மை, காகிதம், நம் விழித்திரை மூன்றும் சேர்ந்து சொல்லும் பதில் அதைவிட எவ்வளவோ சுவையானது.

சூப்பர்மேன் முதலில் வந்த ஆக்‌ஷன் காமிக்ஸ் இதழின் அட்டையில் ஜூன் 1938 என்று போட்டிருக்கும். விலை 10 சென்ட். அந்த விலைக்கு என்ன காகிதம் கிடைக்குமோ அதுதான் கிடைத்தது: செய்தித்தாள் காகிதம், கொஞ்சம் மஞ்சள் ஓடிய, மையைப் பஞ்சுபோல் உறிஞ்சும் காகிதம். அதன் மேல் நான்கு மை. சயான் என்ற வெளிர்நீலம், மெஜந்தா என்ற அடர்ரோஸ், மஞ்சள், கறுப்பு. ஒவ்வொரு மைக்கும் தனித்தனி அச்சுத் தகடு, அதாவது பிளேட். கறுப்பு பிளேட்டில் ஓவியரின் கோடுகள் மட்டும்தான் வழக்கமாக இருக்கும். மற்ற மூன்றும் சேர்ந்துதான் எல்லா நிறத்தையும் தர வேண்டும்.

மையை நீர்விட்டு வெளிறச் செய்ய அச்சு எந்திரத்துக்குத் தெரியாது. மை உண்டு, அல்லது இல்லை. அதனால் இளஞ்சிவப்பு வேண்டுமென்றால் சிவப்புப் புள்ளிகளைச் சின்னதாக்கி இடையில் வெள்ளை விட வேண்டும். பெஞ்சமின் டே என்பவர் 1879-லேயே புள்ளித் திரைகளுக்குக் காப்புரிமை பெற்றிருந்தார். காமிக்ஸ்காரர்கள் ஒவ்வொரு மைக்கும் நான்கே நிலை வைத்துக்கொண்டார்கள்: இல்லை, 25 சதவீதம், 50 சதவீதம், முழுசு. நான்கு பெருக்கல் நான்கு பெருக்கல் நான்கு, ஆக 64 நிறம். வண்ணக்காரர் பக்கத்தின் நகலில் வாட்டர்கலர் தீட்டி, ஒவ்வொரு இடத்திலும் ஒரு குறியீடு எழுதி அனுப்புவார். மஞ்சள் 25, மெஜந்தா 25 சேர்ந்தால் வெள்ளைக்காரர் தோல். மஞ்சளும் மெஜந்தாவும் முழுசாகச் சேர்ந்தால் சூப்பர்மேனின் மேலங்கிச் சிவப்பு. சயான் முழுசு, மெஜந்தா பாதி என்றால் அவருடைய உடுப்பின் நீலம்.

என்னிடம் அட்டை இல்லாத பழைய அமெரிக்க காமிக்ஸ் ஒன்று இருக்கிறது. நகைக்கடைக்காரர்கள் கண்ணில் செருகிக்கொள்வார்களே, அந்தப் பத்து மடங்கு லென்ஸை வைத்து அதில் ஒரு முகத்தைப் பார்த்தேன். கன்னம் காணாமல் போய்விட்டது. வெளிறிய தாளில் ரோஸ் புள்ளிகளின் வரிசை ஒரு கோணத்தில் போகிறது, மஞ்சள் புள்ளிகளின் வரிசை வேறு கோணத்தில் போகிறது, சில இடத்தில் ஒன்றன்மேல் ஒன்று ஏறி ஆரஞ்சுத் திட்டாகிறது. உதட்டுச் சிவப்பு உதட்டைவிட்டு ஒரு மில்லிமீட்டர் விலகி மீசை இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. சிவகாசி அச்சகங்களில் ரிஜிஸ்டர் அவுட் என்பார்களே, அதுதான். லென்ஸை எடுத்தால் மறுபடி கன்னம்.

எப்படி? நம் கண் ஒளி-இருள் வித்தியாசத்தை நுணுக்கமாகப் பார்க்கும். நிற வித்தியாசத்தை ஏறத்தாழ அதில் நாலில் ஒரு பங்கு நுணுக்கத்தில்தான் பார்க்கும். கறுப்புக் கோடு கூர்மையாக இருந்துவிட்டால் போதும், நிறம் புள்ளிபுள்ளியாக இருந்தாலும் கொஞ்சம் வழிந்திருந்தாலும் மூளை அதைக் கோட்டுக்குள் நிரப்பிக்கொள்ளும். கைபேசியில் நாம் அனுப்பும் படங்களைச் சுருக்கும்போது நிறத் தகவலில் பெரும்பகுதியைத் தூக்கி எறிவதும் இதே துணிச்சலில்தான். தடித்த கறுப்பு எல்லைக்கோடு, அதற்குள் சமதளமாக ஒரே நிறம் என்ற காமிக்ஸ் உடுப்பின் இலக்கணம் இங்கிருந்து வருகிறது.

இனிமேல்தான் எனக்குப் பிடித்த இடம்.

1962 மே மாதம் ஹல்க் என்ற ராட்சத நாயகனின் முதல் இதழ் வந்தது. ஸ்டான் லீ எழுத்து, ஜாக் கிர்பி ஓவியம், ஸ்டான் கோல்ட்பெர்க் வண்ணம். அதில் ஹல்க் பச்சை இல்லை, சாம்பல். அச்சாகி வந்ததைப் பார்த்தால் ஒரு பக்கத்தில் கிட்டத்தட்டக் கறுப்பு, இன்னொரு பக்கத்தில் வெளிறிய சாம்பல், வேறொரு கட்டத்தில் பச்சை கலந்தாற்போல் என்று நிறம் நிலையாக நிற்கவில்லை. இரண்டாவது இதழில் ஆளைப் பச்சையாக்கிவிட்டார்கள். கதையில் எந்தக் காரணமும் சொல்லவில்லை. பிறகு முதல் கதையை மறுபதிப்புச் செய்தபோதும் நெடுங்காலம் பச்சையே அடித்தார்கள்.

இந்தக் கதை காமிக்ஸ் ரசிகர்கள் எல்லாருக்கும் தெரியும். ஆனால் சாம்பல் மட்டும் ஏன் இப்படிப் படுத்துகிறது, பச்சை ஏன் அடங்கி நிற்கிறது என்பதை யாரும் நிதானமாகச் சொல்வதில்லை. ஒரு சின்னக் கணக்குப் போடுவோம்.

செய்தித்தாள் அச்சில் அங்குலத்துக்கு 65 வரிசைப் புள்ளி என்பது பழைய வழக்கம். அப்படியானால் ஒரு புள்ளிக்கும் அடுத்ததற்கும் இடைவெளி 0.39 மில்லிமீட்டர். 25 சதவீத நிறம் வேண்டுமென்றால் ஒவ்வொரு புள்ளியின் ஆரமும் சுமார் 0.11 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். சரி, காகிதம் மையை உறிஞ்சுகிறது. புள்ளியின் ஓரம் எல்லாப் பக்கமும் 0.02 மில்லிமீட்டர் பரவுகிறது என்று வையுங்கள், ஒரு தலைமுடியின் தடிமனைவிடக் குறைவு. ஆரம் 0.13 ஆகிறது. பரப்பளவு ஆரத்தின் வர்க்கத்தில் ஏறுவதால் 25 சதவீதம் இப்போது 35 சதவீதம்! முழு மை பூசிய இடத்தில் இந்தப் பேச்சே இல்லை. அங்கே பரவ வெள்ளை இடம் மிச்சமில்லை. 100 என்பது 100-தான்.

இப்போது சாம்பலை எடுத்துக்கொள்ளுங்கள். கறுப்பு பிளேட்டில் புள்ளி கிடையாது என்பதால், மூன்று மைகளின் புள்ளிகளையும் சமன்செய்துதான் சாம்பலைக் கொண்டுவர வேண்டும். மூன்றும் பரவக்கூடிய புள்ளிகள். மழைக்கால ஈரம், உருளையின் அழுத்தம், மைத்தொட்டியில் யார் எவ்வளவு திருகினார் என்பதைப் பொறுத்து மூன்றும் வெவ்வேறு அளவில் பரவும். மெஜந்தா கொஞ்சம் கூடினால் சாம்பல் ரோஸ் பக்கம் சாயும். சயான் கூடினால் நீலம். பச்சைக்கு என்ன வேண்டும்? சயான் முழுசு, மஞ்சள் முழுசு. இரண்டே மை, இரண்டும் ஏற்கெனவே எல்லையைத் தொட்டுவிட்டவை.

இது காகிதத்தின் பாதி. மீதிப் பாதி நம் தலைக்குள் நடக்கிறது. விழித்திரையில் மூன்று வகைக் கூம்பு செல்கள் இருப்பது பள்ளிப் பாடம். அவை தரும் செய்தி அப்படியே மூளைக்குப் போவதில்லை. விழித்திரையிலேயே ஒன்றிலிருந்து ஒன்று கழிக்கப்படுகிறது: சிவப்பா பச்சையா என்று ஒரு தராசு, நீலமா மஞ்சளா என்று இன்னொன்று. சாம்பல் என்பது இரண்டு தராசின் முள்ளும் நடுவில் நிற்கும் நிலை. காலித் தராசில் ஒரு புளியங்கொட்டை விழுந்தாலும் முள் அசையும். ஒரு தட்டில் ஐந்து கிலோ ஏற்கெனவே இருந்தால் இன்னும் நாலு புளியங்கொட்டை போட்டாலும் யார் கவனிக்கப் போகிறார்கள்? நிற வித்தியாசத்தை அளக்க இன்று உலகம் பயன்படுத்தும், 2000-த்தில் வகுத்த சூத்திரத்திலும் இது இருக்கிறது. சாம்பலில் கண்ணுக்குத் தெரியும் ஒரு சாய்வு, நல்ல அழுத்தமான நிறத்தில் தெரிய வேண்டுமென்றால் அதுபோல் மூன்று நான்கு மடங்கு ஆக வேண்டும்.

ஆக, அச்சில் மிக அதிகமாகத் தடுமாறும் நிறமும், கண் மிகக் கூர்மையாகப் பிழை கண்டுபிடிக்கும் நிறமும் ஒன்றே. ஹல்க் அங்கே மாட்டிக்கொண்டார். திருப்பூரில் சாயப்பட்டறை லேப்பில் வேலை பார்க்கும் யாரையாவது கேளுங்கள், கிரே ஷேடு என்றாலே பெருமூச்சு விடுவார்கள். காரணம் இதேதான்.

இந்த அளவீடுகளுக்கெல்லாம் அடிக்கல் 1942-ல் வந்த ஓர் ஆய்வு. கோடாக் நிறுவனத்தில் இருந்த டேவிட் மெக்காடம், ஒரே ஒரு பார்வையாளரை உட்கார வைத்து, 25 நிறங்களைச் சுற்றி 25,000 முறைக்கு மேல் "இதுவும் அதுவும் ஒன்றாகத் தெரிகிறதா" என்று பொருத்திப் பார்க்கச் செய்தார். இன்று நம் ஊரில் ஒருவர் இதற்கு நிதி கேட்டு விண்ணப்பித்தால் என்ன ஆகும்? "இதனால் மக்களுக்கு என்ன பயன்" என்ற கட்டத்தை அவரால் நிரப்ப முடியாது, விண்ணப்பம் திரும்பி வரும். ஆனால் வீட்டில் எரியும் வெள்ளை எல்இடி பல்புகள் ஒன்றுக்கொன்று நிறம் மாறாமல் இருக்கின்றனவா என்பதை இன்றும் 'மெக்காடம் படி' (ஸ்டெப்) என்ற அளவில்தான் சொல்கிறார்கள். பயனை முன்கூட்டியே எழுதித் தரச் சொல்லும் படிவங்கள் மேல் எனக்கு உண்மையாகவே கோபம் இருக்கிறது.

சரி, அந்தப் பெண்ணின் பேட்மேனுக்கு வருவோம். 1939-ல் வந்தவர். ஓவியர் பாப் கேனின் முதல் வரைவில் சிவப்பு உடுப்பும் விறைப்பான இறக்கைகளும் இருந்தன. பில் ஃபிங்கர்தான் அதை மாற்றி காதுவைத்த முகமூடி, மேலங்கி, சாம்பல் உடுப்பு என்று சொன்னவர். அந்த மேலங்கி கறுப்புதான் பாப்பா! ஆனால் செய்தித்தாளில் கறுப்பைக் கொட்டி நிரப்பினால் மடிப்பும் தெரியாது, காற்றில் பறப்பதும் தெரியாது, பக்கத்தில் ஓட்டை போட்டதுபோல் இருக்கும். அதனால் வெளிச்சம் படும் மடிப்புகளை ஓவியர் கறுப்பில்லாமல் விட்டார். வண்ணக்காரர் அங்கே நீலம் வைத்தார். கறுப்புக் குதிரையின் முதுகில் வானம் பளபளக்குமே, அந்த நீலம். வருடம் போகப்போக விட்ட இடம் பெரிதாகி, கறுப்பு சுருங்கி, மேலங்கியே நீலமென்று ஆகிவிட்டது. ஸ்பைடர்மேன் உடுப்பின் நீலத்துக்கும் இதே வரலாறுதான்.

பேட்மேன் உடம்பில் சாம்பல் இருக்கிறதே, அது தடுமாறாதா என்று கேட்பீர்கள். தடுமாறும். பழைய இதழ்களில் அது நீலப் பக்கமோ பழுப்புப் பக்கமோ சாய்ந்திருப்பதைப் பார்க்கலாம். ஆனால் அவரை அடையாளம் காட்டும் வேலை சாம்பலிடம் இல்லை. இரண்டு காது, பிசிறு வெட்டிய மேலங்கி, நெஞ்சில் வௌவால். 1964-ல் அந்த வௌவாலைச் சுற்றி ஒரு மஞ்சள் நீள்வட்டம் போட்டார்கள். கறுப்புக்கும் மஞ்சளுக்கும் ஒளி வேறுபாடு மிக அதிகம், கண்ணுக்கு நுணுக்கமாகத் தெரிவது ஒளி வேறுபாடுதான் என்று மேலே பார்த்தோம். கட்டைவிரல் நகம் அளவுக் கட்டத்தில்கூட ஆள் யாரென்று தெரிந்துவிடும். உருவத்தைக் கறுப்பாக நிரப்பினாலும் ஆள் தெரிய வேண்டும், நிறம் ஒழுகினாலும் ஆள் தெரிய வேண்டும். வாசகர் கேட்ட நல்ல டிசைனுக்கு என் அளவுகோல் இதுதான். சூப்பர்மேனின் வெளியே தெரியும் சிவப்பு அரைக்கால்சட்டையும் இதில் பாஸ். சர்க்கஸ் பலவான்களிடமிருந்து வந்த அது, நீல உடம்பை இடுப்பில் வெட்டி, எந்தக் கோணத்தில் பறந்தாலும் கால் எது, மார்பு எது என்று காட்டிவிடுகிறது. 2011-ல் எடுத்துவிட்டார்கள், 2018-ல் திரும்ப வந்தது. வந்ததில் எனக்குச் சந்தோஷம்.

இந்த அளவுகோலுக்கு நம் ஊரில் பலர் பார்த்திருக்கக்கூடிய சாட்சி, வேதாளர் என்று தமிழ் பேசிய பேன்டம். 1936-ல் கறுப்பு வெள்ளைத் தினசரிப் படக்கதையாகத் தொடங்கியபோது படைப்பாளி லீ ஃபாக் மனதில் இருந்தது சாம்பல் உடுப்பு. 1939-ல் ஞாயிறு வண்ணப் பக்கம் வந்தபோது அது ஊதா. இத்தாலியிலும் பிரேசிலிலும் சிவப்பு, ஸ்வீடனில் நீலம். 1964-ல் தொடங்கிய நம் இந்திரஜால் காமிக்ஸிலும் நீல உடுப்பில் வந்திருக்கிறார். நாட்டுக்கு நாடு நிறம் மாறியும், தலையை மூடிய உறை, கண்பட்டை, வரிபோட்ட அரைக்கால்சட்டை, மண்டையோட்டு மோதிரம் மாறாததால் ஆள் மாறவில்லை.

கடைசியாக ஒருவரைச் சொல்லாமல் விட மனமில்லை. 1972-ல் முத்து காமிக்ஸின் முதல் இதழாக வந்த இரும்புக்கை மாயாவி. பிரிட்டனிலிருந்து வந்த கதை, முழுக்கக் கறுப்பு வெள்ளை. மின்சாரம் பாய்ந்ததும் அவர் உடம்பு மறைந்துவிடும். மேலங்கி கிடையாது, சின்னம் கிடையாது, நிழலுருவம்கூடக் கிடையாது. மாவட்ட நூலகத்தில் பைண்டிங் பிரிந்த ஒரு பிரதியை, ஜன்னலோரம் நின்றபடி நான் படித்தது ஞாபகம் இருக்கிறது. மை பரவி, எதிரில் இருந்த பக்கத்தின் கறுப்பு இந்தப் பக்கத்தில் ஒட்டியிருந்தது. வெறும் அறை, திறந்த கதவு, நடுவில் காற்றில் மிதக்கும் ஓர் இரும்புக் கை, விரல்கள் பாதி மடங்கி.