மணல் தட்டைக் குட்டியின் உயரத்திலிருந்து பார்க்கலாம்

சில மாதங்களுக்கு முன்பு, கோலாலம்பூரின் செந்தூலில் ஓர் அடுக்குமாடி வீட்டிலிருந்து ஒரு தாயும் மகளும் ஏழு வாரப் பூனைக்குட்டி ஒன்றைக் கூடையில் வைத்து எங்கள் கால்நடைக் கிளினிக்கிற்குக் கொண்டுவந்தார்கள். சந்தைக்கு வெளியே நின்ற காரின் அடியில் கண்டெடுத்த குட்டி. வீட்டுக்கு வந்த பத்து நாள்களில் குளியலறை மிதியடி, மடிக்காமல் கிடந்த துணிக் குவியல், சோபாவின் ஓரம் என மூன்று இடங்களில் சிறுநீர் கழித்திருந்தது. “நல்லதாகவே இருக்கட்டும் என்று 70 வெள்ளிக்குப் பெரிய மணல் தட்டு வாங்கி வைத்தோம் டாக்டர், அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை” என்றார் தாயார். பூனை மலசலம் கழிக்க மணல் நிரப்பி வைக்கும் அந்தத் தட்டின் படம் மகளின் கைப்பேசியில் இருந்தது. மூடி போட்டது, முன்பக்கம் ஆடுகதவு வைத்தது, வாசலின் விளிம்பு தரையிலிருந்து 17 சென்டிமீட்டர் உயரத்தில் இருந்தது. அளவுநாடாவை எடுத்து மேசைமேல் நின்ற குட்டியின் தோள் உயரத்தை அளந்தேன்; 12 சென்டிமீட்டர். மகள் சிரித்துவிட்டாள். அன்றைக்கு மருந்து எதுவும் எழுதித் தரவில்லை.

வீட்டுக்குள் வளரும் குட்டிகள் கண்ட இடத்தில் அசுத்தம் செய்கின்றன என்று என்னிடம் வரும் புகார்களில் பெரும்பகுதி, குட்டியைப் பற்றிய புகாராகத் தொடங்கித் தட்டைப் பற்றிய பேச்சாக முடிகிறது. தட்டை வாங்குகிறவர் கடையில் நின்றபடி மேலிருந்து பார்க்கிறார். நாற்றம் வெளியே வராதா, மணல் சிதறாதா, கூடத்தில் வைத்தால் பார்வையாக இருக்குமா என்பவையே அவருடைய கேள்விகள். உள்ளே ஏறி இறங்க வேண்டியவரின் கேள்விகள் வேறு.

குட்டிக்கு வாசல் விளிம்பு ஐந்து முதல் ஏழு சென்டிமீட்டருக்குள் இருப்பது நல்லது. அந்தத் தாயாரிடம் கேக் சுடும் பழைய அலுமினியத் தட்டு ஒன்று இருந்தால் போதும் என்று சொல்லி அனுப்பினேன். இரண்டாம் நாளே குட்டி அதில் இறங்கிவிட்டதாகச் செய்தி அனுப்பினார்கள். சமையல் தட்டு வேண்டாம் என்றால் கடைகளில் கிடைக்கும் ஆழமில்லாத பிளாஸ்டிக் சேமிப்புப் பெட்டியின் ஒரு பக்கத்தை அரைவட்டமாக வெட்டி, வெட்டிய விளிம்பை மணல்தாளால் தேய்த்துக் கொடுக்கலாம். மூடி போட்ட தட்டுகளை நான் அடியோடு ஒதுக்குவதில்லை. வளர்ந்த பூனைகளில் பல அவற்றைப் பொருட்படுத்துவதே இல்லை. ஆனால் மூடி, நாற்றத்தை நம்மிடமிருந்து மறைத்து உள்ளே தேக்குவதால், அள்ள வேண்டும் என்ற நினைவே நமக்கு வராமல் போய்விடுகிறது. குறை மூடியில் பாதி, நம்மில் பாதி. தானாகச் சுத்தம் செய்துகொள்ளும் மின்தட்டுகளைக் குட்டி இருக்கும் வீட்டில் இயங்கவிட வேண்டாம். அவற்றில் பலவற்றின் உணரிகள் உள்ளே இருப்பதை எடையைக் கொண்டு அறிபவை. ஒரு கிலோகூட எட்டாத குட்டி உள்ளே நிற்பது அவற்றுக்குத் தெரியாமல் போகலாம்.

மணலைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். மலாயில் ‘பாசிர்’ என்று கேட்டாலும் தமிழில் பூனை மணல் என்று கேட்டாலும், கடைக்காரர் முதலில் எடுத்துத் தருவது பெரும்பாலும் பென்டோனைட் களிமண்தான். ஈரம் பட்டால் பன்மடங்கு உப்பிக் கட்டியாகும் இந்தக் குணம்தான் அதன் பலம், குட்டியைப் பொறுத்தவரை அதுவே ஆபத்தும். மூன்று, நான்கு வாரத்தில் மணலை அறிமுகப்படுத்தும்போது குட்டி முதலில் செய்வது அதை வாயில் போட்டுப் பார்ப்பதுதான். கைக்குழந்தை எதையும் வாயில் வைப்பதுபோல. விழுங்கிய களிமண் குடலுக்குள்ளும் உப்பும். ஆகவே மூன்று மாதம் ஆகும் வரையில், குறைந்தது மணலைத் தின்னும் பழக்கம் விடும் வரையில், கட்டியாகாத வகையையே பயன்படுத்துங்கள். காகித உருண்டைகள் மென்மையானவை. கருத்தடை அறுவைக்குப் பிறகு காயம் ஆறும் நாள்களிலும் அவையே நல்லது. மர உருண்டைகள் மலிவு, ஈரம் பட்டால் தூளாக உதிரும், ஆனால் பிஞ்சுப் பாதத்திற்குச் சற்று உறுத்தலாக இருக்கும். தோஃபு மணல், அதாவது சோயாச் சக்கையிலிருந்து செய்யப்படும் மணல், இப்போது கோலாலம்பூர் வீடுகளில் பரவலாக இருக்கிறது, தூசு குறைவு. அதற்கு எதிரி நம் ஊர்க் காற்று. ஈரப்பதம் ஆண்டு முழுவதும் 80 விழுக்காட்டைச் சுற்றியே இருக்கும் ஊரில், திறந்த பையில் கிடக்கும் தோஃபு மணல் சில வாரங்களில் பூஞ்சை பிடிக்கும், எறும்பையும் வரவழைக்கும். அரிசி டப்பாபோல் இறுக மூடும் டப்பாவில் கொட்டி வையுங்கள். அதுவும் ஈரத்தில் கட்டியாகும் வகைதான் என்பதால், மணலைத் தின்னும் குட்டிக்கு அதையும் தள்ளிவைப்பதே நல்லது.

நான்கு மாதம் கடந்தும் ஒரு குட்டி மணலைத் தேடித் தின்றால் மணலை மாற்றுவதோடு நின்றுவிடாதீர்கள். ஈறைப் பாருங்கள். இளஞ்சிவப்பாக இல்லாமல் வெளுத்திருந்தால் இரத்தச்சோகை இருக்கலாம். தெருவிலிருந்து வந்த குட்டிகளில் தெள்ளுப்பூச்சியும் கொக்கிப்புழுவும் இரத்தத்தை உறிஞ்சித் தீர்ப்பதை நாங்கள் வாரந்தோறும் பார்க்கிறோம்.

எலுமிச்சை, லேவண்டர் மணம் சேர்த்த மணல்கள் நம் மூக்குக்காகச் செய்யப்பட்டவை. புளிப்புப் பழ மணத்தைப் பூனைகள் பொதுவாக விரும்புவதில்லை என்பது தெரிந்தும் எலுமிச்சை மணலை விற்கிறார்கள், வாங்குகிறோம். ஒரு வீட்டில் காரில் வைப்பதுபோல் ரம்பை (பாண்டான்) இலைக் கட்டைத் தட்டின்மேல் தொங்கவிட்டிருந்தார்கள். குட்டி அதைப் பிடித்து இழுத்து விளையாடியதுதான் மிச்சம். சிறுநீரிலுள்ள யூரியாவை நுண்ணுயிரிகள் அம்மோனியாவாக மாற்றுவதால் எழும் நெடிக்கு மருந்து, நேரத்தில் அள்ளுவது ஒன்றுதான். சளிக்காய்ச்சல் பிடித்துக் கண்ணில் பீளை வடியும் குட்டிகளுக்கு அந்த அம்மோனியாவும் மணல் தூசும் நோயை நீட்டிக்கும்.

எங்கே வைப்பது என்பதில்தான் நம் ஊர் வீடுகள் சிக்கலானவை. குளியலறைத் தரை எப்போதும் ஈரம், யாராவது உள்ளே போனால் கதவு மூடப்படும். ஆகவே பலர் சமையலறைக்குப் பின்னால் இருக்கும் யார்டில், சலவை இயந்திரத்தின் பக்கத்தில் வைக்கிறார்கள். சலவை இயந்திரம் சுழலத் தொடங்கும் கணத்தில் குட்டி தட்டில் இருந்திருந்தால், அந்த ஒரு முறை போதும். அந்த மூலைக்கு அது மறுபடி போகத் தயங்கும். பால்கனியில் வலை அடிக்காதவரை தட்டையும் குட்டியையும் அங்கே விட வேண்டாம். கூடத்தின் ஒரு மூலை, உணவுக் கிண்ணத்திலிருந்து சில அடி தள்ளி, தப்பி ஓட இரண்டு பக்கம் வழி உள்ள இடம் என்றால் குட்டிக்குப் பிடிக்கும். பூனைகளின் எண்ணிக்கையோடு ஒன்றைக் கூட்டி அத்தனை தட்டுகள் என்பது எங்கள் தொழிலில் பொதுவாகச் சொல்லும் கணக்கு. இரண்டு தட்டுகளை ஒட்டி வைத்தால் பூனைக்கு அது ஒரே இடம் என்பதால் தனித்தனி இடங்களில் வையுங்கள். புதிதாக வந்த குட்டிக்கு முதல் வாரம் முழு வீட்டையும் திறந்துவிடாமல் ஓர் அறை, ஒரு தட்டு என்று தொடங்கி, பிறகு மெல்ல விரிக்கலாம். உண்டதும், தூங்கி எழுந்ததும் தூக்கித் தட்டில் விட்டால் போதும். முன்னங்காலைப் பிடித்து மணலைக் கீறிக் காட்ட வேண்டியதில்லை, தோண்டி மூடும் பழக்கம் அதற்குப் பிறவியிலேயே உண்டு.

தவறிய இடத்தில் மூக்கைத் தேய்ப்பது இன்னும் சில வீடுகளில் நடக்கிறது. “வெளியூர் போய்விட்டு வந்ததற்குப் பழிவாங்குகிறது” என்றும் கேள்விப்படுகிறேன். தைப்பூசத்திற்கு இரண்டு நாள் போய்வந்த வீட்டில் நடந்தது வெறும் கணக்குத்தான்: தட்டு இரண்டு நாள் அள்ளப்படாமல் இருந்தது. தரையைத் துடைக்கும்போது அம்மோனியா கலந்த கரைசலைத் தவிர்த்து, நொதி கலந்த துப்புரவு நீர்மத்தைப் பயன்படுத்துங்கள். அம்மோனியா வாசம் குட்டிக்குச் சிறுநீர் வாசமாகவே படும்.

இனிச் சுத்தம் செய்வது. காலையும் மாலையும் சல்லடைக் கரண்டியால் அள்ளுங்கள். மணல் மட்டம் குட்டிக்கு மூன்று, நான்கு சென்டிமீட்டர் இருந்தால் போதும். கட்டியாகாத மணலை வாரம் ஒருமுறையேனும் முழுதாகக் கொட்டிவிட்டுத் தட்டைப் பாத்திரம் துலக்கும் சோப்பும் வெந்நீரும் கொண்டு கழுவி, நன்றாக உலர்த்துங்கள். இந்தக் கடைசிச் சொல்லை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. தீபாவளிக்கு வீடு கழுவும் வாரத்தில் ஒருவர் தம் மூன்று மாதக் குட்டியைக் கொண்டுவந்தார். வாயிலிருந்து எச்சில் நூலாக வடிந்துகொண்டிருந்தது, நாக்கின் நுனியில் பட்டாணி அளவில் தோல் உரிந்து சிவந்திருந்தது. தட்டையும் அதைச் சுற்றிய தரையையும் தரைக் கிருமிநாசினியை நீர் கலக்காமல் ஊற்றித் துடைத்திருக்கிறார்கள். அதில் நாக்கைப் புண்ணாக்கும் பென்சால்கோனியம் குளோரைடு என்ற வேதிப்பொருள் இருந்தது. ஈரம் காயுமுன் குட்டி நடந்தது, பாதத்தை நக்கியது. நான்கு நாள் குழாய் வழியே உணவு கொடுத்துத் தேற்றினோம்.

தண்ணீரில் ஊற்றினால் பால்போல் வெளுக்கும் ஃபீனால் வகைக் கிருமிநாசினிகளும் அப்படித்தான். அவற்றை உடைத்து வெளியேற்றும் திறன் பூனையின் ஈரலுக்கு மிகக் குறைவு. குளோரின் பிளீச் தேவைப்படும் வேளை உண்டு, ஆனால் சிறுநீர் இருக்கும் தட்டில் நேரே ஊற்றினால் குளோரமின் நச்சுவாயு எழும். முதலில் கழுவி, பிறகு ஒரு பங்கு பிளீச்சுக்கு 32 பங்கு தண்ணீர் கலந்து பத்து நிமிடம் ஊறவிட்டு, மறுபடி அலசிக் காயவைக்க வேண்டும். முன்பு ஒரு குட்டி பான்லூகோபீனியா என்னும் வைரஸ் தொற்றுநோயால் இறந்த வீடாக இருந்தால் அதன் தட்டைப் புதுக் குட்டிக்குக் கொடுக்கவே வேண்டாம். அந்தக் கிருமி ஓர் ஆண்டு வரையிலும்கூட வீட்டுக்குள் உயிர்த்திருக்கும். கிள்ளான் பள்ளத்தாக்கில் தண்ணீர்த் தடை அறிவிக்கப்படும் நாள்களுக்காக ஒரு மாற்றுத் தட்டு வைத்திருப்பது வீண் செலவல்ல.

அள்ளியதைக் கழிவறையில் போடாதீர்கள், பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள். தோஃபு மணல் பொதியில் எழுதியிருப்பதை நம்பிக் கொட்டி, மேல்மாடியிலிருந்து கீழ்மாடி வரை ஒரே குழாயில் இணைந்த கட்டடத்தில் அடைப்பு உண்டாக்கி அண்டை வீட்டாரின் பகையைச் சம்பாதித்தவர்கள் இருக்கிறார்கள்.

வீட்டில் கர்ப்பிணி இருந்தால் குட்டியை எங்கே கொடுப்பது என்று கேட்டு வருபவர்கள் பலர். பெரும்பாலும் மாமியார்தான் பேசுவார், மருமகள் அமைதியாக உட்கார்ந்திருப்பார். பூனை மலத்தின் வழியே பரவி, கருவைப் பாதிக்கக்கூடிய டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி உண்மையான கவலைதான். ஆனால் அதன் முட்டைகளைப் பூனை வெளியேற்றுவது பெரும்பாலும் முதல்முறை தொற்றிய பின் ஒன்று முதல் மூன்று வாரம் வரைதான். வெளிவந்த முட்டை தொற்றும் நிலையை அடைய ஒன்று முதல் ஐந்து நாள் ஆகும். ஆகவே தினமும் அள்ளினால், அதுவும் வீட்டில் வேறொருவர் அள்ளினால், ஆபத்து பெரிதும் குறைகிறது. வேறு ஆள் இல்லையென்றால் கையுறை அணிந்து அள்ளிவிட்டுச் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். குட்டிக்குப் பச்சை இறைச்சி தர வேண்டாம். சமையலறையில் பச்சை இறைச்சி வெட்டிய பலகையும் இதே தொற்றுக்கு வழி என்பதையும் மாமியாரிடம் சொல்லிவிடுவேன்.

அள்ளும் கை, பார்க்கவும் வேண்டும். கட்டியாகும் மணலுக்கு மாறிய பின் இது எளிது. ஒரு நாளில் இரண்டு முதல் நான்கு சிறுநீர்க் கட்டிகள் வழக்கம். மலம் தொடர்ந்து இளகினால் அல்லது இரத்தம் கலந்தால், மணல் ஒட்டாமல் கொஞ்சம் எடுத்து, மூடியுள்ள சுத்தமான டப்பாவில் சில மணி நேரத்திற்குள் கொண்டுவாருங்கள்; காக்சிடியா, ஜியார்டியா என்ற குடல் ஒட்டுண்ணிகளும் உருண்டைப்புழுவின் முட்டைகளும் நுண்ணோக்கியில்தான் தெரியும். காக்சிடியா என்றால் மருந்து பாதி, தட்டு பாதி. பெரும்பாலான கிருமிநாசினிகளுக்கு அது அசையாது. நாள்தோறும் மலத்தை அகற்றித் தட்டில் கொதிநீர் ஊற்ற வேண்டும்.

எல்லாவற்றிலும் அவசரமானது ஒன்று. பத்து மாத ஆண்பூனை ஒன்றை மலச்சிக்கல் என்று நினைத்து ஒன்றரை நாள் வீட்டிலேயே வைத்து விளக்கெண்ணெய் கொடுத்திருந்தார்கள். தட்டில் ஏறி முக்குகிறது, இறங்குகிறது, மறுபடி ஏறுகிறது என்றார்கள். சிறுநீர்க் கட்டி கடைசியாக எப்போது பார்த்தீர்கள் என்று கேட்டேன். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வயிற்றைத் தொட்டால் சிறுநீர்ப்பை சாத்துக்குடி அளவில் கல்லாக இருந்தது. சிறுநீர் அடைப்பு ஒன்றிரண்டு நாள்களில் உயிரைப் பறிக்கும். அந்தப் பூனை பிழைத்தது அதிர்ஷ்டம். ஆண்பூனை தட்டில் முக்கியும் ஒன்றும் வரவில்லை என்றால் விடியட்டும் என்று காத்திருக்காமல், இரவில் திறந்திருக்கும் கிளினிக்கிற்குப் போங்கள்.

ஐந்து, ஆறு மாதமானதும் குட்டிக்குத் தட்டு சிறுத்துவிடும். மூக்கிலிருந்து வால் தொடங்கும் இடம் வரை அளந்து, அதில் ஒன்றரை மடங்கு நீளமுள்ள தட்டை வாங்குங்கள். மணலை மாற்றுவதானால் அதே வாரத்தில் தட்டையும் மாற்ற வேண்டாம். புதிய தட்டைப் பழையதன் அருகே வைத்து, பழைய மணலில் ஒரு கைப்பிடியைப் புதியதில் தூவிவிட்டு, பழைய தட்டு ஒரு வாரம் முழுதும் தொடப்படாமல் கிடந்த பிறகே அதை எடுத்துவிடுங்கள்.