குகைக்குள் ஓர் ஆபீஸ்

1962 ஜூலையில் மிஷல் சிஃப்ர் என்ற பிரெஞ்சு இளைஞர் ஆல்ப்ஸ் மலையில் ஓர் ஆழமான குகைக்குள் இறங்கினார். கையில் கடிகாரம் இல்லை. பசித்தால் சாப்பாடு, கண்ணைச் சொக்கினால் தூக்கம். செப்டம்பர் 14 அன்று மேலே வரச் சொன்னபோது, அவர் கணக்குப்படி தேதி ஆகஸ்ட் 20தான். 25 நாட்கள் எங்கேயோ போய்விட்டன!

வீட்டிலிருந்து வேலை பார்க்க ஆரம்பித்த முதல் வருடம் என் கதையும் ஏறக்குறைய அதுதான். திரை இழுத்துவிட்ட அறை, டியூப்லைட், கட்டிலிலிருந்து இரண்டடியில் லேப்டாப். தூக்கம் பதினொன்றிலிருந்து ஒன்றுக்கு, அப்புறம் இரண்டுக்கு நழுவியது. சோம்பேறித்தனம் என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

விஷயம் வேறு. மூளையின் அடிப்பகுதியில், இரு கண்களின் நரம்புகளும் குறுக்கே சந்திக்கும் இடத்துக்குச் சற்று மேலே, சுமார் 20,000 நரம்பணுக்கள் கொண்ட ஒரு சிறு கொத்து இருக்கிறது. உடலின் தலைமைக் கடிகாரம் அது. பெரும்பாலானவர்களுக்கு அதன் ஒரு சுற்று 24 மணி நேரத்தைவிடக் கொஞ்சம் நீளம். சராசரியாகப் பத்து நிமிடம்போல அதிகம். சும்மா விட்டால் நாளுக்கு நாள் பின்தங்கும். அதைத் தினமும் சரிசெய்வது வெளிச்சம். விழித்திரையில் இதற்கென்றே தனி அணுக்கள் உண்டு. காலை வெளிச்சம் கடிகாரத்தை முன்னே தள்ளும். அதே வெளிச்சம் ராத்திரி பட்டால் பின்னே இழுக்கும்.

டியூப்லைட் போதாதா? போதாது. வெளிச்சத்தை அளக்கும் அலகான லக்ஸ் கணக்கில், அறை விளக்கு தருவது நூறிலிருந்து முந்நூறுவரை. வெயில் ஏறிய மொட்டைமாடியில் அது பல்லாயிரம். நம் கண் சட்டென்று பழகிவிடுவதால் இவ்வளவு வித்தியாசம் தெரிவதே இல்லை. ஆபீஸ் போன நாட்களில் பஸ்ஸுக்காக வெயிலில் நின்று அலுத்துக்கொண்டேனே, அந்தக் கால் மணி நேரம்தான் கடிகாரத்துக்குச் சாவி கொடுத்திருக்கிறது.

அதனால் என் அட்டவணையில் கறாரான வரி ஒன்றே ஒன்று: எழுந்ததும் டம்ளரோடு மாடிக்கு. மழைக்காலத்திலும்தான், மேகம் மூடிய வானம்கூட அறை விளக்கைவிடப் பிரகாசம். அடுத்தது சாப்பாடு. கல்லீரலுக்கும் சொந்தக் கடிகாரம் உண்டு, அது சாப்பாட்டு நேரத்தைப் பார்த்து ஓடும். ஒரு மணிச் சாப்பாட்டை மூன்றரைக்குத் தள்ளினால் தலைமை ஒரு நேரம் காட்டும், கல்லீரல் வேறு நேரம் காட்டும்.

மதியம் இரண்டு, மூன்று மணிக்கு வரும் மந்தத்துக்குச் சாம்பார் சாதத்தை மட்டும் குறை சொல்ல முடியாது. சாப்பிடாதவர்களுக்கும் அது வரும். அந்த நேரத்துக்கு மெயில், பில் மாதிரி மூளை வேண்டாத வேலைகளை ஒதுக்கியிருக்கிறேன்.

காபிதான் தகராறு. குடித்த காஃபீனில் பாதி வெளியேறவே ஐந்து மணி நேரம்போல ஆகும். நாலு மணி டிகிரி காபியில் பாதி, ஒன்பது மணிக்கும் உடம்பில் இருக்கும். மூன்று மணிக்கு நகர்த்திப் பார்த்திருக்கிறேன். விட மனசில்லை.